ஐ.டி.சி.சி.எம்.: வேலை பார்த்துக்கொண்டே ஐ.சி.யு. படிப்பு, யாருக்குச் சரிப்படும்?

மாதத்துக்கு ஒரு ஜூனியராவது கேட்டுவிடுகிறார். "அண்ணா, ஐ.டி.சி.சி.எம். பண்ணலாமா, இல்ல நீட் எஸ்.எஸ். எழுதி டி.எம்.முக்கே போயிடவா?" (டி.எம். என்பது எம்.டி.க்கு மேலான உயர்சிறப்புப் பட்டம், நீட் எஸ்.எஸ். அதற்கான நுழைவுத் தேர்வு.) ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் நோட் போட்டு அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன். நான் மயக்கவியல் எம்.டி. ஒரு தனியார் மருத்துவமனையில் தியேட்டரும் ஐ.சி.யு.வுமாக ஓடிக்கொண்டிருந்தபோதே இதை முடித்தேன். எந்த மருத்துவமனை என்று சொல்லப் போவதில்லை, கீழே படித்தால் ஏன் என்று புரியும்.

முதலில் இது என்ன சரக்கு என்று தெளிவாக்கிவிடலாம், ஏனென்றால் பாதிப் பேர் இதிலேயே ஏமாறுகிறார்கள். ஐ.டி.சி.சி.எம். என்பது தீவிர சிகிச்சை மருத்துவத்தில் ஒரு வருட டிப்ளமோ. மயக்கவியல், பொது மருத்துவம், நுரையீரல் மருத்துவம் மாதிரியான துறைகளில் எம்.டி. அல்லது அதற்கு இணையான டி.என்.பி. முடித்தவர்களுக்கானது. நடத்துவது ஐ.எஸ்.சி.சி.எம்., அதாவது இந்தியாவின் தீவிர சிகிச்சை மருத்துவர்கள் 1993-ல் தொடங்கிய சங்கம். பல்கலைக்கழகம் இல்லை, அரசு அமைப்பும் இல்லை, ஒரு தொழில்முறைச் சங்கம். ஆகவே இந்த டிப்ளமோ தேசிய மருத்துவ ஆணையத்தின் (என்.எம்.சி.) அங்கீகாரப் பட்டியலில் கிடையாது. மருத்துவக் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்ய முடியாது, மருத்துவக் கல்லூரி ஆசிரியர் பதவிக்கு இதைக் காட்டிப் போக முடியாது. இதைச் சொன்னதும் சிலர் முகம் வாடிப்போகிறது. ஆனால் தனியார் மருத்துவமனையில் ஐ.சி.யு. கன்சல்டன்ட் வேலைக்குப் போனால் எச்.ஆர். முதலில் கேட்பதே இதைத்தான். நாட்டில் டி.எம். முடித்து வருகிறவர்கள் கொஞ்சம் பேர், ஐ.சி.யு. படுக்கைகளோ ஊருக்கு ஊர் முளைத்துக் கிடக்கின்றன. அந்த இடைவெளியை இத்தனை வருடமாக நிரப்பிக்கொண்டிருப்பது பெரும்பாலும் இந்த டிப்ளமோக்காரர்கள்தான்.

டி.எம்., அதற்கு இணையான டி.ஆர்.என்.பி., இரண்டுமே மூன்று வருடம், நீட் எஸ்.எஸ். ரேங்க் வேண்டும். ரேங்க் வந்து, வீட்டு நிலைமையும் அனுமதித்தால் யோசிக்கவே வேண்டாம், அங்கே போய்விடுங்கள். அரசுப் பணியில் இருக்கிறவர்களுக்குத் தமிழ்நாட்டில் உயர்சிறப்புப் படிப்புகளில் தனி ஒதுக்கீடே இருக்கிறது, அதை விட்டுவிட்டு இங்கே வருவது வீண். நான் எழுதுவது மற்றவர்களுக்கு: முப்பத்தைந்தைத் தொட்டாயிற்று, வீட்டுக் கடன் ஓடுகிறது, பிள்ளை எல்.கே.ஜி., மறுபடி மூன்று வருடம் ரெசிடென்ட்டாகப் போய் நிற்க முடியாது, ஆனால் தினமும் ஐ.சி.யு.வில்தான் வேலை, கூடவே அதில் பாதி விஷயத்தை அனுமானத்தில்தான் செய்துகொண்டிருக்கிறோம் என்று உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த ஆள்களுக்கு.

சரி, படிப்பு எப்படி? பாடத்திட்டம் நன்றாகவே இருக்கிறது, அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் பாடத்திட்டம் உங்களுக்குச் சொல்லித்தராது, யூனிட்தான் சொல்லித்தரும். சான்றிதழ் எல்லோருக்கும் ஒன்றே. ஆனால் ஒரு யூனிட்டிலிருந்து வருகிறவர் வென்டிலேட்டர் திரையைப் பார்த்து நோயாளியின் நுரையீரல் என்ன சொல்கிறது என்று விளக்குகிறார், இன்னொரு யூனிட்டிலிருந்து வருகிறவருக்கு டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவதில்தான் நிபுணத்துவம். எல்லாம் காலை ரவுண்ட்ஸில் உங்கள் தலைக்கு மேலே நிற்கிற ஆளைப் பொறுத்தது.

எனக்கு அந்த விஷயத்தில் அதிர்ஷ்டம். எங்கள் சீஃப் ரவுண்ட்ஸ் வரும்போது கோட் பாக்கெட்டில் தையல்காரர் டேப் ஒன்று வைத்திருப்பார். ஏ.ஆர்.டி.எஸ். (நுரையீரல் முழுக்க அழற்சியாகி நீர் கோத்து மூச்சு முட்டுகிற நிலை) நோயாளி, வென்டிலேட்டரில் டைடல் வால்யூம், அதாவது ஒரு மூச்சுக்குத் தள்ளும் காற்று, எவ்வளவு வைத்திருக்கிறாய் என்பார். பதில் சொன்னால் "எந்த எடைக்கு?" என்பார். கேஸ் ஷீட்டில் 90 கிலோ என்று இருக்கும், அதுவும் அட்டெண்டர் சொன்னது. டேப்பை எடுத்து நோயாளியின் உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை நம்மையே அளக்கச் சொல்வார். 165 செ.மீ. என்றால் ஆணுக்குக் கணக்கு 50 கூட்டல் 0.91 பெருக்கல் உயரத்திலிருந்து 152.4 கழித்தது, அதாவது 61.5 கிலோ. கிலோவுக்கு 6 மி.லி. என்றால் சுமார் 370. நாம் 90 கிலோவுக்குப் போட்டு வைத்திருந்தது 540. மனிதன் குண்டானால் நுரையீரல் பெரிதாவதில்லை என்பது எம்.பி.பி.எஸ். மாணவருக்கும் தெரியும்தான், ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அட்மிஷன் எடுக்கும்போது கை தானாகப் போவது அந்த 500-க்குத்தான். அதோடு விடமாட்டார். 2000-ல் வந்த ஏ.ஆர்.டி.எஸ். நெட் ஆய்வு, 861 நோயாளிகள், கிலோவுக்கு 12 மி.லி. கொடுத்த குழுவில் 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள், 6 கொடுத்த குழுவில் 31 சதவீதம், இதை அந்தப் படுக்கைப் பக்கத்திலேயே சொல்லி, இப்போது டயலைத் திருப்பு என்பார். மருந்து இல்லை, மாத்திரை இல்லை, ஒரு பொத்தானைத் திருப்பியதில் வந்த வித்தியாசம் அது. இந்த மாதிரி ஒரு ஆள் கிடைத்தால் கட்டிய ஃபீஸ் முதல் மாதத்திலேயே வசூல்.

இந்தப் படிப்பை நம் ஊரில் செய்வதில் இன்னொரு லாபம், விஷ கேஸ். வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தில் ஆர்கனோபாஸ்பேட் என்கிற பூச்சி மருந்துக்குச் சில பக்கம், பாராகுவாட் என்கிற களைக்கொல்லிக்கு அதைவிடக் குறைவு. எங்கள் ஐ.சி.யு.வில் எந்த வாரத்திலும் இவை இல்லாமல் இருந்ததில்லை. பூச்சி மருந்து, எலி பேஸ்ட், அரளி விதை, பாம்புக் கடி, நடுவில் டெங்கு, ஸ்க்ரப் டைபஸ், எலிக்காய்ச்சல். பூச்சி மருந்து குடித்தவர் அட்ரோபின் போட்டு, நெஞ்சு வறண்டு, மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து காபி கேட்பார். வீட்டார் கும்பிடுவார்கள். வார்டுக்கு அனுப்பிவிடலாம் என்று எல்லோரும் இருக்கும்போது, எங்களுக்குச் சொல்லித்தந்தது ஒரே ஒரு சோதனை: தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல். தூக்க முடியவில்லை என்றால் அவர் எங்கும் போகக் கூடாது. கழுத்துத் தசை முதலில் போகும், அடுத்து மூச்சுத் தசை. இன்டர்மீடியட் சிண்ட்ரோம். பெரும்பாலும் 24 மணி நேரத்திலிருந்து 96 மணி நேரத்துக்குள் வருவது. இதைக் கவனிக்காமல் வார்டுக்கு அனுப்பினால், நேற்று காபி கேட்டவரை மறுநாள் விடியற்காலையில் நீலம் பாரித்த நிலையில் சிஸ்டர் கண்டுபிடிப்பார். சோதனைக்கு ஆகும் செலவு பூஜ்யம், நேரம் ஐந்து விநாடி.

கட்டுவிரியன் கதையும் அப்படித்தான். வெறுந்தரையில் படுத்துத் தூங்கியவர், விடியலில் வயிற்று வலி என்று வருவார், கடித்த தடம்கூடச் சரியாகத் தெரியாது, அல்சர் ஊசி போட்டு உட்கார வைத்திருப்பார்கள், கொஞ்ச நேரத்தில் இமை இறங்கும். தாமதமாக வந்தால் அசைவு இல்லை, மூச்சு இல்லை, கண்பாப்பா விரிந்து வெளிச்சத்துக்கு அசையாமல் நிற்கும். பார்க்கிற யாருக்கும் மூளைச்சாவு என்றுதான் தோன்றும். ஆனால் அந்த மனிதருக்கு உள்ளே முழு நினைவு இருக்கலாம், நாம் பேசுவது அத்தனையும் கேட்டுக்கொண்டிருக்கலாம். விஷமுறிவு மருந்து போட்டு, சில நாள் வென்டிலேட்டரில் பொறுமையாக வைத்திருந்தால் நடந்தே வீட்டுக்குப் போவார். மூளைச்சாவு சோதனையைப் பற்றிய வகுப்பை எங்களுக்கு இந்தக் கேஸிலிருந்துதான் ஆரம்பித்தார்கள். 1994 உறுப்பு மாற்றுச் சட்டம், நான்கு மருத்துவர் குழு, ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை, அப்னியா சோதனையில் (வென்டிலேட்டரை நிறுத்தித் தானாக மூச்சு வருகிறதா என்று பார்ப்பது) ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு 60-ஐத் தொட வேண்டும் அல்லது ஆரம்ப அளவிலிருந்து 20 ஏற வேண்டும், எல்லாம் அப்புறம். முதல் கேள்வி, இந்த நிலைக்குக் காரணம் என்னவென்று உனக்கு உறுதியாகத் தெரியுமா? பாம்பு, மயக்க மருந்து, உடல் குளிர்ந்துபோனது, இவற்றை விலக்கிவிட்டாயா? தெரியாது என்றால் சோதனையே செய்யாதே.

அடுத்து, எம்.டி.யில் யாரும் எனக்குச் சொல்லித்தராத ஒன்று: நிறுத்துவது எப்படி. உயிர்காப்புச் சிகிச்சையை விலக்கிக்கொள்வது பற்றி உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் காமன் காஸ் வழக்கில் தீர்ப்பு சொன்னது. ஆனால் அதில் இருந்த நடைமுறை, முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்பது வரை போய், எந்த மருத்துவமனையாலும் பின்பற்ற முடியாததாக இருந்தது. அதை எளிதாக்கச் சொல்லி நீதிமன்றம் போனது இதே ஐ.எஸ்.சி.சி.எம்.தான். 2023 ஜனவரியில் திருத்தினார்கள்: மருத்துவமனைக்குள் முதல்நிலைக் குழு, இரண்டாம்நிலைக் குழு, மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் சொன்னால் போதும். என்னைக் கேட்டால் இந்தச் சங்கம் செய்த காரியங்களிலேயே பெரியது இதுதான், டிப்ளமோ எல்லாம் அப்புறம். நடைமுறையில் என்ன நடக்கிறது என்பது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். பில் ஏறிக்கொண்டே போகும், தேற மாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள், கடைசியில் "எங்க விருப்பத்துல கூட்டிட்டுப் போறோம்" என்று டாமா ஃபார்மில் (மருத்துவர் சொல்லை மீறிப் போகிறோம் என்கிற படிவம்) கையெழுத்து வாங்கி, ஆம்புலன்ஸில் கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கிற ஆம்பு பேக்கோடு அனுப்பிவைப்போம். பொறுப்பு முழுக்க வீட்டார் தலையில். அப்படி இல்லாமல், உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, "அப்பாவுக்கு இனி மருந்து உதவாது, ஆனா வலியில்லாம பார்த்துக்குவோம்" என்று சொல்ல ஒரு முறை இருக்கிறது, அதைச் சொல்லும்போது போனை சைலண்டில் போட வேண்டும், "மல்டி ஆர்கன் டிஸ்ஃபங்ஷன்" என்ற சொல்லைத் தவிர்க்க வேண்டும், சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு அவர்கள் அழுது முடிக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும் என்றெல்லாம் எனக்குக் காட்டியவர் எங்கள் மேடம் ஒருவர். அவர் பேசும்போது மூலையில் நின்று பார்த்தேன், அப்புறம் நான் பேச அவர் மூலையில் நின்றார். தேர்வில் இதற்கு எவ்வளவு மதிப்பெண் வந்தாலும் எனக்கு இதுதான் படிப்பின் சாரம்.

புகழ்ந்தது போதும், வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

"வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம்" என்கிற வாக்கியம் பாதி உண்மை. மாலை வகுப்புக்குப் போய் வருகிற படிப்பு இல்லை இது, அங்கீகாரம் பெற்ற ஐ.சி.யு.வில் முழுநேரமாக இருக்க வேண்டும். நீங்கள் வேலை பார்க்கும் இடமே அங்கீகாரம் பெற்றதாக இருந்தால் பிழைத்தீர்கள், இல்லையென்றால் வேலையை மாற்றித்தான் ஆக வேண்டும், சம்பளமும் ரெசிடென்ட் சம்பளமாக இறங்கும். எங்கள் நிர்வாகத்தைப் பொறுத்தவரை நாங்கள் மாணவர்கள் இல்லை, மலிவாகக் கிடைத்த டியூட்டி டாக்டர்கள். வியாழன் மதியம் வகுப்பு என்று போர்டில் எழுதியிருக்கும். வியாழன் மதியம்தான் சரியாக இரண்டு ஷிஃப்டிங் வரும், சி.டி.க்கு ஒரு வென்டிலேட்டர் கேஸைத் தள்ளிக்கொண்டு போக ஆள் வேண்டும், வகுப்பு ரத்து. யாராவது லீவு என்றால் நைட் டியூட்டி நம் தலையில். லாக் புக் விவகாரம் இன்னும் மோசம். எத்தனை சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக் குழாயில் போடும் ட்யூப்), எத்தனை டிரக்கியாஸ்டமி (கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்வது), எத்தனை ப்ராங்கோஸ்கோபி (கேமரா குழாய் விட்டு மூச்சுக்குழாயைப் பார்ப்பது) என்று அன்றன்றைக்கு எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டியது; வருடக் கடைசியில் ஒரே மாலையில் மூன்று வெவ்வேறு பேனாவில் எழுதி மொத்தமாகக் கையெழுத்து வாங்கியவர்களை என் கண்ணால் பார்த்தேன். கேட்டால் "எல்லா இடத்துலயும் இதான் சார்" என்று பதில். எல்லா இடத்திலும் இல்லை. பக்கத்து மாவட்டத்தில் என் வகுப்புத் தோழி செய்த யூனிட்டில் லாக் புக்கை மாதா மாதம் சீஃப் கேட்டு வாங்கி, "ப்ராங்கோஸ்கோபி கம்மியா இருக்கே, அடுத்த வாரம் உனக்குத்தான்" என்று ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார். சான்றிதழ் அவருக்கும் அதேதான்.

சிஸ்டர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நன்றிகெட்டதனம். அலாரம் அடித்தால் எது உண்மையான அலாரம், எது டியூப்பில் தண்ணீர் தேங்கியதால் வருவது என்று நடந்து வரும்போதே சொல்லிவிடுகிற பத்து வருட அனுபவக்காரர்கள் அவர்கள். டயாலிசிஸ் மெஷினை எனக்குப் பழக்கியதும் ஒரு சிஸ்டர்தான். பாடத்திட்டத்தில் எங்குமே வராத ஆசிரியர்கள்.

தேர்வு சுலபம் இல்லை. எழுத்துத் தேர்வு, அதைத் தாண்டினால் செய்முறையும் வைவாவும். எழுத்துத் தேர்வுக்குப் படித்தே தேறிவிடலாம். வைவாவில் ஏ.பி.ஜி. (ரத்த வாயுப் பரிசோதனை) ரிப்போர்ட்டையும் வென்டிலேட்டர் திரையின் அலைவரைபடத்தையும் நீட்டி, சொல் என்று சும்மா உட்கார்ந்துவிடுவார்கள், அங்கே யூனிட்டில் தினமும் வாய்விட்டுச் சொல்லிப் பழகியவர்கள்தான் பிழைப்பார்கள். எந்த கைட்லைன் எந்த வருடம் மாறியது என்பதும் வரும்: செப்சிஸ் (கிருமித் தொற்றால் உறுப்புகள் செயலிழக்கிற நிலை) வரையறை 2016-ல் மாறியது, அதற்கு ரிவர்ஸ் என்ற மருத்துவர் 2001-ல் சொன்ன ஆரம்ப இலக்குச் சிகிச்சை அப்போது வேதவாக்காக இருந்தது, 2014, 2015-ல் வந்த மூன்று பெரிய ஆய்வுகளில் அது வழக்கமான சிகிச்சையைவிட மேல் இல்லை என்று ஆனது, இந்த மாதிரி. படிக்க நேரமில்லாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், ஆஸ்திரேலியாவில் சி.ஐ.சி.எம். என்கிற தீவிர சிகிச்சைத் தேர்வு எழுதுகிறவர்களுக்காக எழுதப்பட்ட டிரேஞ்ட் பிசியாலஜி தளம் இலவசம். நைட் டியூட்டியில் நோயாளியைப் பார்த்துவிட்டு வந்து அதே விஷயத்தை அதில் படித்தால் மறக்காது. அதை நடத்துகிறவர் கொஞ்சம் நக்கலாக எழுதியிருப்பார், தூக்கமும் வராது.

வெளிநாட்டு வழிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். எடின்பரோ பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்சி. கிரிட்டிகல் கேர் முழுக்க ஆன்லைன், பகுதி நேரம், மூன்று வருடம். நடுவில் நிறுத்திக்கொண்டால் சான்றிதழோ டிப்ளமோவோ வாங்கிக்கொண்டு வெளியே வரலாம். ஆய்வுக் கட்டுரைகளைக் கிழித்துப் படிக்கவும் ஒழுங்காக எழுதவும் பழக்குகிற படிப்பு, உண்மையிலேயே வேலைக்கு நடுவே படிக்கக்கூடியதும் இதுதான். ஆனால் அது உங்கள் கையைப் பிடித்து லைன் போடச் சொல்லித்தராது, அதை வைத்து ஐ.சி.யு. நிபுணர் என்று இங்கே பதிவு செய்துகொள்ளவும் முடியாது. ஏற்கெனவே கை பழகிய கன்சல்டன்ட் அறிவைக் கூர் தீட்டிக்கொள்ளப் போகலாம். ஐரோப்பிய தீவிர சிகிச்சைச் சங்கத்தின் எடிக் தேர்வு வேறு வகை, அது படிப்பே இல்லை, இரண்டு கட்டத் தேர்வு. முதல் கட்டம் பல்விடைக் கேள்விகள், அடுத்தது ஆஸ்கி, அதாவது பல நிலையங்களாகப் பிரித்து நடத்தும் செய்முறைத் தேர்வு. ஐ.டி.சி.சி.எம். முடித்த சூட்டோடு பலர் அதையும் எழுதுகிறார்கள், வளைகுடாவுக்குப் போகிற எண்ணம் இருந்தால் பயோடேட்டாவில் நன்றாக உட்காரும்.

மொத்தத்தில் என் தீர்ப்பு: நல்ல யூனிட்டில் என்றால் ஐந்துக்கு நாலரை, அரை மதிப்பெண் என்.எம்.சி. அங்கீகாரம் இல்லாததற்குக் கழித்தது. சுமாரான யூனிட்டில் என்றால் இரண்டு, அதுவும் சான்றிதழுக்காக. வெறும் எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் இதற்கு வர முடியாது, அவர்களுக்குச் சங்கமே வேறொரு சான்றிதழ்ப் படிப்பு வைத்திருக்கிறது, ஆனால் அதற்கு முன்னால் ஒரு எம்.டி. வாங்கப் பாருங்கள் தம்பிகளா, ஐ.சி.யு. எங்கும் ஓடிவிடாது.

சேரும் முன் அந்த யூனிட்டுக்கு ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பாருங்கள், இன்டர்வியூவில் சீஃபிடம் கேட்பதைவிட இப்போது அங்கே படித்துக்கொண்டிருக்கிற ரெசிடென்ட்டை வெளியே டீக்கடைக்குக் கூட்டிப் போய்க் கேளுங்கள். காலை ரவுண்ட்ஸ் எத்தனை மணி நேரம் நடக்கிறது, ஒரு படுக்கையில் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள். அல்ட்ராசவுண்ட் மெஷின் ஐ.சி.யு.வுக்கென்று தனியாக இருக்கிறதா, இல்லை ரேடியாலஜியில் கெஞ்ச வேண்டுமா. போன மாதம் எத்தனை வகுப்பு நிஜமாக நடந்தது. டிரக்கியாஸ்டமி ரெசிடென்ட் செய்கிறாரா, இ.என்.டி.யைக் கூப்பிடுகிறார்களா. நைட்டில் ஒரு கேஸ் கெட்டுப்போனால் கன்சல்டன்ட் நேரில் வருவாரா, போனிலேயே "நாராட் (ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்து) ஏத்து, காலைல பார்க்கலாம்" என்பாரா. கடைசிக் கேள்விக்கு அவர் டீயைக் குடித்துக்கொண்டே சிரித்தால், அடுத்த யூனிட்டைப் பாருங்கள்.